சிவப்பு மையில் எழுதிய காரணம்

எஸ்ரா லாக்வுட் பதினான்கு வயதில் அமெரிக்கக் கடற்படைக்குப் போனவர். லெப்டினென்டாகவே தலை நரைத்துவிட்டது. மேலே இருப்பவர் போய்ச் சேர்ந்தாலோ ஓய்வு பெற்றாலோதான் கீழே இருப்பவருக்கு ஒரு படி. அந்தக் காலத்து மேலதிகாரிகளோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். ஐம்பதைத் தொட்ட பிறகுதான் கமாண்டராகி, ஒரு கப்பல் கைக்கு வந்தது. அடுத்த படி கேப்டன்; பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான்.

பிள்ளைகள் நான்கும் பிறந்தது அவர் கடலில் இருந்தபோது. மூத்தவளின் கல்யாணச் சேதி பிரேசில் கரையில் கடிதமாக வந்தது, பூசணம் பிடித்த கேக் துண்டு ஒன்றோடு. இளையவள் ஹெட்டி தன் கல்யாணத்துக்குக் கறாராக எழுதிவிட்டாள்: "அப்பா, சனிக்கிழமை பதினோரு மணி. நீங்க வரலைன்னா, உங்க கைக்குப் பதிலா உங்க பழைய தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு சர்ச்சுக்குள்ள நடப்பேன். ஊரே சிரிக்கட்டும்."

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, சொந்த ஊர்த் துறைமுகமான போர்ட்ஸ்மத்துக்கு நூற்றைம்பது மைல் இருக்கையில் காற்று அடியோடு நின்றுவிட்டது. கப்பலில் பாய்மரத்தோடு நீராவி இயந்திரமும் இருந்தது, நிலக்கரியும் இருந்தது. ஆனால் உள்நாட்டுப் போருக்குப் பின் கடற்படையைச் சிக்கனப் பேய் பிடித்திருந்தது. கரி எரித்தால் காரணத்தைக் கப்பலின் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதவேண்டும். காரணம் மேலிடத்துக்குப் பிடிக்காவிட்டால் பதவி உயர்வு அம்போ.

இயந்திரப் பொறுப்பாளர் மக்கார்டில், அதை ஓட்ட ஒரு சாக்குக்காக ஆறு மாதமாய் ஏங்கியவர்.

"புயல் வர்ற மாதிரி இருந்துச்சுன்னு எழுதிடுங்க ஐயா. எல்லாரும் அதத்தான் எழுதுறாங்க."

"வானத்தப் பாருய்யா. ஒரு துண்டு மேகமாவது இருக்கா?"

"அப்ப, குடிதண்ணி தீந்துபோச்சுன்னு?"

"முப்பத்தெட்டு வருஷத்துல குறிப்பேட்டுல நான் ஒரு பொய் எழுதினதில்ல. நீ போய் அடுப்பப் பத்தவை."

மக்கார்டில் துள்ளி ஓடினார். எஸ்ரா பேனாவைத் தோய்த்து எழுதினார்: 'காற்று இல்லை. நாளை பதினோரு மணிக்கு என் மகளுக்குத் திருமணம்.'

மறுநாள் பத்தே முக்காலுக்கு, கரி படிந்த முகத்தோடு சர்ச் வாசலில் நின்றார். ஹெட்டி தன் வெள்ளைக் கையுறையாலேயே அந்தக் கன்னத்தைத் துடைத்தாள். இருவரும் அழுதார்கள்.

திங்கட்கிழமை துறைமுகத் தளபதி குறிப்பேட்டை மேசைமேல் போட்டார்.

"யோவ் லாக்வுட், உனக்கு ஒரு பொய்கூடவா வரல? ஒரு புயல எழுதியிருந்தா நானும் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேனே! இப்ப இத மேல அனுப்பியே ஆகணும்."

"அனுப்புங்க ஐயா."

கேப்டன் பதவி அடுத்தவருக்குப் போனது. எஸ்ரா கமாண்டராகவே ஓய்வு பெற்றார். வருத்தமில்லையா என்று கேட்ட நண்பர்களிடம் பெருமூச்சு விட்டுச் சொல்வார்:

"இல்லாம என்ன? அந்த மக்கார்டில் இன்னும் நாலு கூடை கரி அள்ளிப் போட்டிருந்தான்னா, காலைச் சாப்பாட்டையும் புள்ளையோட உக்காந்து சாப்பிட்டிருப்பேன்."