சக்கரம் இல்லாத தேர்

துபாயில் மெட்ரோ ஓடத் தொடங்காத காலம். அல் குசைஸில் எங்கள் அலுவலக வாசலருகே ஒரு பெரிய ஓவியம் மாட்டியிருந்தது. பாலித் தீவின் ஓவியர் ஒருவர் தம் ஊர்க் கோயிலைப் புதுப் பாணியில் வரைந்தது. கறுப்புக் கூரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போயின. சுற்றிலும் சிவப்பையும் மஞ்சளையும் வாரி இறைத்திருந்தார்.

அதன் கீழே உட்காரும் செக்யூரிட்டி திருவாரூர்க்காரர். அடர்ந்த மீசை. வாதத்துக்கு இறங்கும்முன் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார்.

"தேரை நல்லா வரைஞ்சிருக்கான் சார்" என்றார் ஒருநாள்.

"தேர் இல்லீங்க, கோயில். அடியில எழுதியிருக்கு பாருங்க."

தொப்பி அக்குளுக்குப் போனது. "பொறந்ததுலேருந்து தேர் பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப சக்கரம் எங்க?"

தொப்பி தலைக்குத் திரும்பியது. அதன்பின் தினமும், "சக்கரம் கிடைச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போவேன். முறைப்பார்.

அலுவலகம் ஷார்ஜாவுக்கு மாறியபோது ஓவியத்தை டிராலியில் நிறுத்திக் கயிற்றால் கட்டினார்கள். டிராலி வாசல்படியில் சிக்கிக்கொண்டது. அவர் பாய்ந்து வந்து கயிற்று நுனியைப் பிடித்தார். "யல்லா பாய், யல்லா!" என்று எல்லோரையும் விரட்டினார். பாகிஸ்தானி லோடரும் மலையாளி டிரைவரும் சேர்ந்து இழுத்தார்கள். எப்போது போனேனோ, நானும் கயிற்றைப் பிடித்திருந்தேன். டிராலி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது.

அவர் தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டார். "சக்கரம் கேட்டீங்களே சார், பாத்துக்குங்க."

இன்றும் பாலிக் கோயிலின் படம் எங்காவது கண்ணில் பட்டால், என் பார்வை முதலில் அடிப்பக்கம்தான் போகிறது.