இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஓர் அந்தரங்கம்

இரண்டாவது பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, அப்பாடா என்று உட்கார்ந்த சமயத்தில் மூன்றாவது ஒன்று வந்து நின்றது. வேண்டாம் என்று முடிவு செய்ய எனக்கு அரை நாள் போதுமாக இருந்தது. மாமியாருக்குத் தெரியாமல் முடிப்பது எப்படி என்று யோசிக்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று. அவருக்குத் தெரிந்தால் அழுது, சாப்பிடாமல் கிடந்து, என்னைப் பெற வைத்துவிடுவார். என் வீட்டுக்காரர், "உன் உடம்பு, உன் முடிவு" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

தாம்பரத்தில் எங்கே போனாலும் தெரிந்த முகம். அதனால் இரண்டு ஸ்டேஷன் தள்ளி குரோம்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோம் பிடித்தேன். போய் உட்கார்ந்தால், எதிர் நாற்காலியில் எங்கள் இரும்புலியூர் அபார்ட்மென்டின் மூன்றாம் மாடி அக்கா! சுகர் டெஸ்டுக்கு வந்தாராம். மாமியாருக்குக் கோயில் துணை அவர்தான்.

"நீ எதுக்கு வந்தே?"

"தைராய்டுக்கு, அக்கா."

பக்கத்தில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அறுபது வயதம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகல் அந்த ரிசப்ஷனுக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது. அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நோய் சொல்லித்தான். "மூலம் யாரு? உள்ள போங்க!" மூலக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தது நான் என்று உறைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அபார்ஷன் யாரும்மா? வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்!"

அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தார். நான் பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பேசாமல் வீட்டுக்குப் போய்ப் பெற்றே தொலைக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

"நான்தான்" என்று பக்கத்து அம்மா எழுந்தார்.

"நீங்க மூட்டுவலி இல்ல?"

"அதுவும் கீது. வூட்டுக்காரன் போய்ச் சேந்து பத்து வருசம் ஆவுது. நேர்ல போய் கையெழுத்து வாங்கிகினு வரட்டா?"

கூடமே சிரித்தது. ரிசப்ஷன் பெண் திருதிருவென்று விழிக்கும்போதே அவர் என் கையைப் பிடித்தார். "கண்ணு, முட்டி புடிச்சிகிச்சு. உள்ள வரைக்கும் தொணைக்கு வா."

உள்ளே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். விஷயத்தைக் கேட்டு டாக்டரம்மா பல்லைக் கடித்தார். "வீட்டுக்காரர் கையெழுத்து தேவையே இல்லம்மா. உங்க கையெழுத்து மட்டும் போதும். உங்க பேரை நாங்க வெளியே சொன்னாதான் குத்தம்." போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் தனியாகப் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

டாக்டரம்மா கொடுத்த மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைத் திறக்குமுன் கேட்டேன். "ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"அன்னிக்கு எனுக்கு யாரும் எய்ந்து நிக்கல, கண்ணு" என்றவர், கதவு திறந்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தைராய்ட நல்லா பாத்துக்கோ!" என்றார்.

சாயங்காலம் லிஃப்டில் மாமியாரும் நானும் ஏறியபோது அக்காவும் வந்து சேர்ந்தார். "அந்தக் கிழவிக்கு இந்த வயசுல கேட்குது பாரு! யாரு அது, எந்த ஊராம்?" மாமியார் ஆவலாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அது அவங்க சொந்த விஷயம்க்கா. நமக்கென்ன?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.