நிற்க வைத்து எடுத்த படம்

இருட்டு டாக்டருக்கு முகம் மறந்துபோகும், படம் மறக்காது. கடைத்தெருவில் யாராவது வந்து சிரித்தால் திருதிருவென்று விழிப்பாள். அவர் தன் பெயரைச் சொன்னாரோ இல்லையோ, "ஓ, நீங்களா! இடது குதிகால்ல முள்ளு மாதிரி ஒண்ணு வளர்ந்திருந்ததே, இப்ப எப்படி இருக்கு?" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரிப்பாள். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைப் பக்கமே வரமாட்டார்.

ஆஸ்பத்திரியில் திரை போட்டு இருட்டாக்கிய ஓர் அறையில் உட்கார்ந்து நாள் முழுக்க எக்ஸ்ரே படங்களை வாசிப்பது அவள் வேலை. பெயர் வந்ததும் அதனால்தான். நெஞ்சு, முதுகு, மண்டை எல்லாம் பார்ப்பாள். ஆனால் பாதமும் கணுக்காலும் வந்தால் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஒரு பாதத்துக்குள் இருபத்தாறு எலும்புகள். நெரிசலான பஸ்ஸில் நிற்கிறவர்கள் மாதிரி ஒருவர் தோளுக்குப் பின்னால் ஒருவர் மறைந்து நிற்கும். அதனால் மேலிருந்து ஒரு படம், சாய்த்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். ஒன்றில் ஒளிந்துகொண்டவன் இன்னொன்றில் மாட்டுவான். சிலர் பிறக்கும்போதே உபரியாக ஒரு குட்டி எலும்பைக் கொண்டு வந்திருப்பார்கள். அது முறிவு போலவே நடிக்கும். ஓரம் வழவழவென்று உருண்டிருந்தால் பிறவி, கூராக இருந்தால் முறிவு என்று அவள் இளைய டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

நடிக்கிற எலும்பைப் பிடிப்பதைவிட நடிக்கிற ஆளைப் பிடிப்பதில் அவளுக்கு ஆனந்தம் அதிகம். அந்தக் கலையை அவள் பழகியது தன் தம்பியிடம். பரீட்சை அன்று காலையில் அவன் தவறாமல் நொண்டுவான். "நேத்து வலது கால்ல இல்ல நொண்டுன?" என்று அக்கா கேட்டதும் சட்டென்று காலை மாற்றிக்கொள்வான். நேற்றும் இடதுதான் என்பது அப்புறம்தான் அவனுக்கு ஞாபகம் வரும்.

அந்தத் தம்பி இப்போது டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். நாற்பதைத் தாண்டியும் டிமிக்கி கொடுக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. அம்மா வீடு மாறுவதாக இருந்தது. புது வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவின் இரும்பு பீரோவோ நாலு பேர் தூக்கினாலும் முறைத்துக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை தூக்குவது என்று முடிவாகியிருந்தது. சரியாக வெள்ளிக்கிழமை தம்பி நொண்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான்.

"புதுசா கத்துக்க வந்த ஆளு பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை அழுத்திட்டாரு அக்கா. செவுரு வந்துடுச்சு. என் பக்கத்து பிரேக்கை நான் முழு பலத்தோட மிதிச்சேன், அப்பவும் முட்டிடுச்சு."

"செவுத்துக்கு அடி பட்டுச்சா?"

"நான் நெசமாத்தான் சொல்றேன்."

"நீ என்னைக்குடா பொய்யின்னு சொல்லிட்டுச் சொல்லிருக்க?"

அவள் அறைச் சுவரில் அவளே எழுதி ஒட்டிய ஒரு தாள் உண்டு: பாதத்தின் நடுவில் அடி என்றால் நிற்க வைத்துப் படம் எடு. படுத்திருக்கும் பாதத்தில் பாரம் இல்லை, அதனால் எலும்புகளைப் பிணைக்கும் நார்க்கட்டு அறுந்திருந்தாலும் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத் தெரியும். உடம்பு அதன் மேல் ஏறினால்தான் எலும்புகள் விலகும். இதைக் கேட்டுக் கேட்டு இளைய டாக்டர்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது. ஆனால் அன்றைக்கு எக்ஸ்ரே எடுப்பவரிடம் அவள் சொன்னது வேறு. "படுக்க வெச்சே எடுத்துடுங்க. நிக்கச் சொன்னா நாடகம் ஆரம்பிச்சுடுவான்."

மூன்று படமும் திரையில் வந்தன. பெருவிரலுக்கு அடுத்த நீள எலும்பின் உள்ளோரம், அதன் பின்னால் இருக்கும் எலும்பின் உள்ளோரத்தோடு ஒரே கோட்டில் வரவேண்டும். கோடு போட்டுப் பார்த்தாள். வந்தது. முறிவு இல்லை என்று எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். அவளுக்குத்தான் கை சும்மா இருக்காதே. படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, "இந்தக் கால் பீரோ தூக்க முழுத் தகுதி உடையது" என்று கீழே எழுதினாள். மாமா, சித்தப்பா, அத்தை என்று வரிசையாக எல்லோரும் சிரித்து வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். நேராகப் போய்ப் பீரோவின் கீழ் முனையைப் பிடித்தான். முதல் மாடி ஏறினார்கள். திருப்பத்தில் அவன் மெதுவாக, மிக மெதுவாக, முனையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். நெற்றி வியர்த்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த காட்சி எப்ப?" என்றார் மேல் முனையில் இருந்த மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். இருட்டு டாக்டரும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். பாதியில் நின்றுபோனது. நடிக்கும்போது அவன் தெருவையே கூட்டுவான். ஐயோ அம்மா என்பான், கண்ணைச் செருகுவான், தண்ணீர் கேட்பான். இப்படிச் சத்தமில்லாமல் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"ஷூவைக் கழட்டு" என்றாள்.

"வேணாம். தூக்கிடலாம்."

"கழட்டுடா."

அவன் கழற்றிப் பாதத்தைத் திருப்பினான். உள்ளங்காலின் நடு வளைவில் கத்தரிப்பூ நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. நடுப்பாதத்தின் கட்டு அறுந்தால் ரத்தம் அங்கேதான் இறங்கும். வெள்ளிக்கிழமையே இது இருந்திருக்கும். அவள் அவன் காலின் படத்தை மூன்று கோணத்தில் பார்த்தாள், காலை ஒரு கோணத்திலும் பார்க்கவில்லை. பாதத்தின் வளைவு சரிந்துவிட்டால் பிரேக்கை மிதிக்கிற பிழைப்பு அவனுக்கு அவ்வளவுதான்.

பீரோவை மாடித் திருப்பத்திலேயே விட்டுவிட்டு, சாமான் ஏற்றி வந்த வண்டியில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இந்த முறை நிற்க வைத்தார்கள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் பாரம் போட்டு நின்றான். திரையில் இடது பாதம் ஒழுங்காக இருந்தது. வலது பாதத்தில் பெருவிரல் எலும்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பளிச்சென்று ஓர் இடைவெளி, அதற்குள் ஒரு துளி எலும்புச் சில்லு. கட்டு அறுந்து விலகும்போது பெயர்த்துக்கொண்டு போன சில்லு.

"என்ன அக்கா, பீரோ தூக்கலாமா?"

"தப்பா படிச்சுட்டேன்டா" என்றாள்.

ஆபரேஷன் செய்து திருகாணி போட்டார்கள். வாட்ஸ்அப்பில் திருத்தத்தை அவளே எழுதினாள். அதன் பிறகு தம்பி மாதக்கணக்கில் காலைத் தலையணை மேல் ஏற்றிவைத்துக்கொண்டு வாழ்ந்தான். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத சொகுசு அத்தனையும் அக்கா கையால் கிடைத்தது. டீ வந்தது, சர்க்கரை குறைவு என்று திரும்பிப் போனது, மறுபடி வந்தது. அவள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஆற்றிக் கொடுத்தாள். வளைவு நிற்குமா, சரியுமா என்பது ஒன்றுதான் அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒரு நாள் மறுபடி நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கோடு நேராக இருந்தது. இடைவெளி மூடியிருந்தது. வளைவு அசையவில்லை. இன்னொரு முறை பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பியின் பாதத்தைக் கையில் ஏந்தித் திருப்பி அதையும் பார்த்தாள்.

பக்கத்தில் இருந்த தம்பி மனைவி கேட்டாள். "சரியாயிடுச்சா அண்ணி? அந்த பீரோ இன்னும் மொத மாடித் திருப்பத்துலயேதான் நிக்குது. வர்றவங்க போறவங்க எல்லாம் இடிச்சுக்கறாங்க."

பீரோ என்ற பேச்சு காதில் விழுந்ததுதான் தாமதம், தம்பி காலைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ அக்கா! வலி உயிர் போகுதே! தண்ணி, தண்ணி!" வராந்தாவில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் திரும்பி ஓடிவந்தாள்.

இருட்டு டாக்டர் பாதத்தை மெல்லக் கீழே வைத்தாள். அவன் பிடித்திருந்தது இடது கால். எத்தனை மாதம் கழித்துக் கேட்கிற சத்தம் இது என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கரித்தது.

"இன்னும் ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாதும்மா" என்று தம்பி மனைவியிடம் சொன்னாள். "படத்துல தெளிவா தெரியுது."