திரையில் ஆறு, இரும்பில் எட்டு

வலது கண்ணுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்து நாலு மாதம் ஆகிறது. எதைப் பார்த்தாலும் அது முன்னால் வந்து நிற்கும். இனிமேல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கவே கூடாது என்று புதுக்கோட்டை டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருசம் பார்த்தாயிற்று. மறுநாள் விராலிமலைக்குப் பஸ் ஏறிப் போய் முதலாளியிடம் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினேன்.

எங்கள் பட்டறை ஹைவே ஓரத்தில் இருக்கிறது. கம்பெனிகளில் மெஷின் நிற்கிற இரும்பு பிரேம் செய்து கொடுக்கிறோம். முதலாளி சீட்டைப் படித்து மடித்துக் கொடுத்தார்.

"கம்ப்யூட்டர் ரூமுல போயி உக்காருய்யா. வெல்டு பத்திச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆளு வேணுமாம். இந்த வேலை முடியட்டும். பிரயோசனப்பட்டா இரு. இல்லேன்னா பாப்போம்."

பார்ப்போம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் எட்டாவது வரை படித்தவன். வேறு வேலை தெரியாது.

படம் வரைகிற பிள்ளை திருமயத்திலிருந்து வந்து போகிறது. எஞ்சினியரிங் படித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு விசயத்தைச் சொன்னது.

"ஒரு பிரேமு திரும்பி வந்துருச்சுண்ணே. உள்ள வைக்கிற மோட்டார் பிளேட்டு உக்கார மாட்டேங்குதாம். ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு ஆடுதாம். படத்துல சரியாத்தான் உக்காருது."

"பெறகு ஏன் ஆடுது?"

"படத்துல வெல்டே வரையல. எடத்தைக் காட்டி ஆறு எம்.எம்.னு நம்பரு மட்டும் போட்டுருக்கோம். இப்ப பீடு எல்லாத்தையும் நெசத்துல இருக்கிற மாதிரியே வரைஞ்சு அனுப்பச் சொல்றாங்க அந்தக் கம்பெனியில. அதப் பாத்துட்டுத்தான் இன்னும் பத்து பிரேமுக்கு ஆர்டராம்."

பீடு என்பது ராடு உருகி இரண்டு இரும்புக்கும் நடுவில் வரியாக உறைகிறதே, அது. அதை வரைந்து பார்த்து என்ன செய்வார்கள் என்று புரியவில்லை. கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை அடித்தட்டைத் தொட்டது. பக்கச் சுவரைத் தொட்டது. ஒரு நம்பர் போட்டது. மூலையில் முழு நீளத்துக்கும் பீடு வந்துவிட்டது. எனக்கு அது முக்கால் மணி நேர வேலை. புகை இல்லை, பொறி இல்லை.

"எங்க ஆரம்பிச்சது?" என்றேன்.

"என்னதுண்ணே?"

"ராடு மாத்துன எடம் எங்க? அந்த எடத்துல ஒரு மேடு இருக்கணுமே."

"அதெல்லாம் வரைஞ்சா கம்ப்யூட்டரு படுத்துரும்ணே. தடிமன் சரியா இருந்தாப் போதும்."

நிஜத்தில் இருப்பது மாதிரியே வேண்டும் என்றதும் இந்தப் பிள்ளைதான். மேடு வேண்டாம் என்றதும் இதுதான். எது நிஜம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"வயிறு தள்ளுன மாதிரி வரும். இது தட்டையா இருக்கு" என்றேன். எதையோ அழுத்தியது. வயிறு வந்தது.

"தடிமன் ஆறு போடவா?"

"எட்டு போடு."

"படத்துல ஆறுண்ணே."

"நாங்க போடுறது எட்டு."

"எட்டு போடச் சொல்லி யாரு சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொன்னதில்லை. ஆறு என்று இருந்தால் ஒரு திருப்திக்கு ஒன்றோ இரண்டோ கூடப் போடுவோம். குறைந்தால்தான் திட்டு விழும். கூடினதற்கு யாரும் திட்டியதில்லை.

அந்தப் பிள்ளை எட்டு போட்டுப் பார்த்தது. மூலையில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. பிளேட்டின் ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஏழு எம்.எம்.தான் இடமாம். எட்டு போட்டால் பிளேட்டு பீடின் மேல் ஏறிக்கொள்கிறது. ஆறு போட்டது. சிவப்பு போய்விட்டது.

வெளியே போனோம். திரும்பி வந்த பிரேம் தகரக் கொட்டகைக்குக் கீழே கிடந்தது. பீடு அளக்கிற கேஜை அந்தப் பிள்ளை வைத்தது. நான் செல்போன் வெளிச்சம் பிடித்தேன். எட்டு. எட்டரை. மூலையில் ஒன்பது.

நம்பரைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ராடு மாற்றின இடத்தில் நான் ஒரு சுழி சுழித்து ஏற்றுவேன். அது அங்கே இருந்தது. கண் கெடுவதற்கு முன் நான் கடைசியாகச் செய்த பிரேம். நல்ல பீடு. இன்றைக்குப் பார்த்தாலும் அதில் குறை சொல்ல மாட்டேன்.

"ஆறுன்னே அனுப்பிரவாண்ணே? படத்துல எல்லாம் சரியா உக்காருது. யாரும் கேக்க மாட்டாங்க."

அனுப்பினால் பத்து பிரேம் ஆர்டர் வரும். பட்டறையில் எல்லோரும் எட்டுதான் போடுவார்கள். பத்தும் திரும்பி வரும். அப்போது வேறு யார் தலையாவது உருளும். எட்டு என்று சொன்னால் இன்றைக்கே என் தலை.

"மொதலாளியக் கூப்பிடு" என்றேன்.

முதலாளி வந்து குனிந்து பார்த்தார். "யாரு போட்டது?"

"நான்தான்."

"ஆறுன்னு படத்துல இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. எல்லாரும் எட்டுதாங்க போடுறோம். ரொம்ப வருசமா."

"கூடப் போட்டா சூடு ஏறி தகடு இழுத்துக்கும் சார்" என்றது அந்தப் பிள்ளை. தகடு இழுப்பது எனக்குத் தெரியும். சம்மட்டியால் அடித்து நேர் பண்ணியிருக்கிறேன். அது இரும்பின் குணம் என்று நினைத்திருந்தேன். நான் போட்டதால்தான் என்று நினைக்கவில்லை.

முதலாளி இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு கேஜை வாங்கி என் கையில் வைத்தார்.

"ஆறுன்னே படம் போகட்டும். இனிமே பட்டறையில போடுறதும் ஆறுதான். நீ சுத்தி வந்து அளந்து பாரு. கூடுன எடத்துல சாக்பீஸ்ல கோடு போடு. அதான் ஒனக்கு வேலை."

வேலை இருக்கிறது. வீட்டில் சொன்னேன். மனைவி சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள்.

ஆர்டர் வந்தது. முதல் பிரேமை என் இடத்தில் இப்போது நிற்கிறவர் செய்தார். எனக்கு மைத்துனர் முறை. முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்.

"வாங்க மாமா. ஏசி ரூமுல உக்காந்து செவந்து போயிட்டீங்க."

கேஜை வைத்தேன். எட்டு. வரி வரியாக, ஒரு பிசிறு இல்லாமல் படிந்திருந்தது. அதில் கோடு போட்டேன்.

"ஏன் மாமா, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு."

"பெறகு எதுக்குக் கோடு?"

"எட்டு இருக்கு."

"எட்டு இருந்தா கெட்டிதான மாமா?"

"ஆறு போடு" என்றேன். அவர் பீடைத் தேய்த்துக் குறைக்க கிரைண்டரை எடுத்தார்.

ரூமுக்கு வந்து திரையைப் பார்த்தேன். அதே மூலை, ஆறு. எனக்கு இன்னும் அது மெலிசாகத்தான் தெரிகிறது. கண் கோளாறால் அப்படித் தெரிகிறதோ என்னவோ.