பன்னிரண்டு மைலுக்கு வெளியே

அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு நான் அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். திருவொற்றியூரில் ஒரு மாடி அறை, ஐந்து பெஞ்சு, ஒரு கரும்பலகை. எந்த அதிகாரம் ஒன்றிய அரசுக்கு, எது மாநில அரசுக்கு, எது இரண்டுக்கும் பொது என்று மூன்று பட்டியல்கள் உண்டு. அதை நடத்துவதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. மற்ற இடங்களில் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நான் ஜன்னலைத் திறந்து காட்டுவேன். பெரிய துறைமுகம் ஒன்றியத்துக்கு. தெருமுனைப் போலீஸ்காரர் மாநிலத்துக்கு. எண்ணூரிலிருந்து வருகிற மின்சாரத்தில் இரண்டு பேருக்கும் பங்கு. கடலில் மீன்பிடிப்பு என்றால் கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை மாநிலம், அதைத் தாண்டினால் ஒன்றியம்.

காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்த என் அண்ணனுக்கு இந்தப் பன்னிரண்டு மைல் கணக்கு பெரிய வேடிக்கை. "அப்ப நானு காலைல ஒரு கவர்மெண்டுல நாஸ்தா துன்னுட்டு, மதியானம் இன்னொரு கவர்மெண்டுல சோறு துன்றேனா?" என்று கேட்பான். சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்துச் சிரிப்பான். அண்ணிக்குச் சிரிப்பு வராது. அவன் கடலுக்குப் போகும் பேச்சு எதற்குமே அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஜனங்களின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கரையை ஒட்டிய கடல் சின்னப் படகுகளுக்கு என்று மாநிலச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. பெரிய விசைப்படகு அங்கே வலை இழுக்கக் கூடாது. ஆனால் இறால் கிடைப்பது அங்கேதான். அதனால் இழுப்பார்கள். இழுத்துவிட்டு, எங்கே இருந்தீர்கள் என்று யார் கேட்டாலும் "வெளியதான்" என்பார்கள். வெளியே என்றால் பன்னிரண்டுக்கும் அப்பால், மாநிலச் சட்டம் எட்டாத இடம். வயர்லெஸ்ஸில் கேட்டாலும் அதுதான், வீட்டில் பெண்டாட்டி கேட்டாலும் அதுதான். அதைப் பொய் என்றே அவர்கள் நினைப்பதில்லை. விருந்தாளியைச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால், பசியோடு இருந்தாலும் "ஆச்சு" என்பார் அல்லவா, அந்த மாதிரி. இதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

அன்று காலை ஏழு மணி இருக்கும். என் தாய்மாமாவிடமிருந்து போன் வந்தது. அண்ணன் வேலை செய்த படகை ஓட்டுகிறவர் அவர்தான்.

"பாப்பா, உங்கண்ணனக் காணோம்மா. வலைய தூக்கிட்டுத் திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. சுத்தி சுத்தி வந்துகினு கீறோம்."

"எங்க மாமா? எவ்ளோ தூரத்துல?"

"வெளியதான் பாப்பா. பன்னெண்டு தாண்டி."

குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல இருந்தது.

குப்பத்தில் ஒரு ஆள் கடலில் காணாமல் போனால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். எல்லாப் படகும் தேடப் போகும். கால் மணி நேரத்தில் ஆட்கள் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். நான் அழவில்லை. எனக்கு வேலை இருந்தது. எந்த அலுவலகம், எந்த எண் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றிய அரசின் ரோந்துக் கப்பலுக்குத் தகவல் சொல்லும் எண்ணை நானே அழைத்தேன்.

"எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா?" என்று கேட்டார்கள்.

"வெளியே சார்," என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உள்ளூர்க் கடலோரப் போலீசிடமும் அதையே சொன்னேன். படகுக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். "பன்னெண்டுக்கு அப்பால தேடுங்க. கிட்ட தேடி நேரத்த வீணாக்காதீங்க," என்றேன். படித்த பெண் சொன்னால் சரியாக இருக்கும் என்று போனார்கள். முப்பது படகுக்கு மேல் இருக்கும். கரையோரக் கடலை ஒரே மூச்சில் கடந்து நேராக ஆழத்துக்குப் போனார்கள்.

யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கப்பல் போனது. போலீஸ் படகு போனது. பாடப் புத்தகத்தில் நான் பிரித்துப் பிரித்துக் காட்டுகிற இரண்டு அரசும் என் அண்ணனுக்காக அன்று ஒன்றாகத்தான் வந்தன. எங்கே தேடுவது என்று சொன்னவள் நான். அண்ணன் இருந்த கடலில் மட்டும் யாரும் தேடவில்லை.

சம்பவம் நடந்த இடத்தைக் காட்டச் சொல்லி கப்பலிலிருந்து மாமாவை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டிருக்கிறார்கள். வாயில் வந்ததை முதலிலேயே சொல்லிவிட்டார். இனி மாற்றினால் படகின் அனுமதி போகும், கூட இருக்கிற எட்டுப் பேரின் பிழைப்பு போகும். படகைக் கரையோரக் கடலிலிருந்து ஆழத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், வெறும் தண்ணீரைக் காட்டி "இங்கதான்" என்றிருக்கிறார். கப்பல் அந்த இடத்தைச் சுற்றி இரண்டு நாள் தேடியது.

அந்த இரண்டு நாளும் அண்ணி சோறு வடித்தாள். அவனுக்கும் சேர்த்து. "நல்லா நீந்துவாரு," என்று யார் வந்தாலும் சொன்னாள். "ஒரு கட்டை கெடச்சா போதும், ஒரு நாளு முழுக்க கெடப்பாரு." நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நேரமாக ஆக அந்த நம்பிக்கை எங்களை அறுத்தது.

மூன்றாம் நாள் காலை, எண்ணூர் போகும் சாலையோரக் கல் சுவரில் ஒதுங்கிக் கிடந்தான். ஐஸ் பெட்டியோடு வைத்திருக்கும் வெள்ளைக் கேன் ஒன்று அவனோடு கிடந்தது. இடது மணிக்கட்டை அதன் கைப்பிடியில் தன் துண்டால் கட்டியிருந்தான். மூன்று முடிச்சு. விழுந்தவுடனே போனவன் அப்படிக் கட்ட முடியாது. கை தளர்ந்தாலும் மிதக்க வேண்டும் என்று நினைத்துக் கட்டியிருக்கிறான். யாராவது வருவார்கள் என்று நினைத்துத்தான் கட்டியிருக்கிறான்.

அவனை வீட்டுக்குக் கொண்டு வந்தபோதுதான் என் கையில் இருந்த போன் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு மைலுக்கு வெளியே போனில் சிக்னல் கிடையாது. கரையை நெருங்கினால்தான் மணி அடிக்கும். படகுக்காரர்களின் வீட்டில் சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும். அண்ணன் கூப்பிட்டாலே அண்ணி உலை வைப்பாள், அவன் கிட்டே வந்துவிட்டான் என்று. மாமா அவ்வளவு தெளிவாக என்னோடு பேசினார். எனக்குப் பட்டியல் ஞாபகம் வந்தது, இது வரவில்லை. என்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

மாமாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் வாக்குமூலம் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்கு மூன்று பேரும் போனோம். புகார் அண்ணியின் பெயரில் இருந்ததால் அவளும் வர வேண்டியிருந்தது. எழுதுகிறவர் பெயர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, ஆள் விழுந்த இடம் எவ்வளவு தூரம் என்று மாமாவிடம் கேட்டார். அவர் "வெளியதான்" என்று ஆரம்பித்தார். பிறகு நிறுத்திவிட்டார்.

"இல்ல சார். கிட்டதான். நானு பொய் சொல்லிட்டேன். அங்கேந்து பாத்தா கரை தெரிஞ்சிது. வூடுங்ககூட தெரிஞ்சிது."

எழுதுகிறவரின் பேனா நின்றது. நான் அண்ணியைப் பார்க்கப் பயந்தேன்.

"கரை தெரிஞ்சிதா மாமா?" என்றாள் அண்ணி.

"தெரிஞ்சிதும்மா."

அவள் அவரைத் திட்டவில்லை. அழவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்ப படகுங்க எல்லாம் அவரத் தாண்டிப் போனத பாத்திருப்பாரு," என்றாள்.