குதிரைக்கு வந்த நோட்டீஸ்

இரண்டு வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமை காலை, காதர் பாயின் ஜட்கா வரவில்லை.

இதில் என்ன பெரிய செய்தி என்று கேட்பீர்கள். ஆறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் வந்த குதிரை வண்டி, ஐயா! விடியற்காலையில் திருச்சியிலிருந்து சுவாமி தரிசனத்துக்கு வருகிறவர்களை ஸ்ரீரங்கத்தில் கோபுர வாசலில் இறக்கிவிடுவார். திரும்பும்போது என்னை ஏற்றிக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி, நான் வேலை பார்க்கும் ஸ்கூல் வாசலில் விடுவார். மழையோ வெயிலோ, அவருக்கு லீவு கிடையாது.

பஸ்ஸில் இடிபட்டுப் போய்ச் சேர்ந்தேன். இருபது நிமிஷம் லேட். ஹெட்மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

செவ்வாயும் வண்டி வரவில்லை. புதனும் வரவில்லை.

"அந்த மனுஷருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ! பஸ் கூட்டத்தைத் திட்டிண்டே இருக்கேளே, ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரப்படாதோ?" என்றாள் என் மனைவி.

சுருக்கென்றது. மூன்று நாளும் நான் லேட்டாவதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அவருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

புதன் சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் விசாரித்துக்கொண்டு போனேன். கோட்டைப் பக்கம் ஒரு சந்தில் வீடு. வாசலில் அவருடைய குதிரை பேகம் நின்றுகொண்டு புல் தின்றது. பக்கத்தில் வண்டி. அதன் பின்பலகையில் நம்பர் தகடு இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைகள்தான் இருந்தன.

"வாங்க சார், வாங்க. சொல்லியனுப்பாம விட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க" என்று எழுந்து வந்தார் பாய்.

"உடம்புக்கு என்ன பாய்?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க, அல்லா காப்பாத்துறான். பேகத்துக்குத்தான்... சர்க்கார்லேர்ந்து நோட்டீஸ் வந்துடுச்சு."

குதிரைக்கு நோட்டீஸா?

உள்ளே போய், துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்த ஒரு காகிதத்தை இரண்டு கையாலும் எடுத்து வந்து கொடுத்தார். பிரித்தேன். 'உமது ஜட்காவில் பூட்டப்படும் குதிரை பின்னங்கால் நொண்டுவதாகத் தெரிய வருவதால், மேற்படி குதிரையை இன்று முதல் வண்டியில் பூட்டக் கூடாதென்றும், வண்டியின் நம்பர் தகட்டை உடனே ஒப்படைக்க வேண்டுமென்றும் இதனால் உத்தரவிடப்படுகிறது.' கீழே வாகன இன்ஸ்பெக்டரின் கையெழுத்து. அதன்மேல் மலைக்கோட்டைப் படம் போட்ட வட்ட முத்திரை.

அந்த 'மேற்படி', 'இதனால் உத்தரவிடப்படுகிறது' எல்லாம் நான் எழுதிக் கொடுத்த மாதிரி. அந்த வயலட் மை நான் வாங்கிக் கொடுத்தது!

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் நான்காம் பாரத்துக்கு ஸிவிக்ஸ் எடுக்கிறவன். கிராமத்துக்குப் பஞ்சாயத்து போர்டு, ஊருக்கு முனிசிபாலிடி, ஜில்லாவுக்கு ஜில்லா போர்டு, அதற்கு மேலே மெட்றாஸ் சர்க்கார், அதற்கும் மேலே டில்லி, எல்லாவற்றுக்கும் மேலே கடல் தாண்டி லண்டன். தெருவிளக்கு யார் பொறுப்பு, தபால் யார் பொறுப்பு, வாய்க்கால் யார் பொறுப்பு - ஏணி மாதிரி போர்டில் வரைந்து காட்டுவேன். பையன்கள் ஏணியை நோட்டில் காப்பியடித்துவிட்டுத் தூங்குவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தாலுகா போர்டுகளை எடுத்து வருஷக்கணக்காகிறது. எங்கள் பாடப் புத்தகத்தில் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன.

ஒரு நாள் எனக்கே அலுத்துப்போய், "போதும்டா ஏணி! நாமே ஒரு கவுன்சில் வைப்போம்" என்றேன்.

தூக்கம் போன இடம் தெரியவில்லை! தேர்தல் நடந்தது. சேர்மன் ஆனவன் வரதன், மூச்சு விடாமல் பேசுகிறவன். வாகன இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம், வாயே திறக்காதவன். முசிறிப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கும் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறான். ஒரு பையனின் அப்பா ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர். அவர் முத்திரை செய்து கொடுத்தார். நான் ஒரு நிஜ நோட்டீஸைப் பார்த்து, குற்றத்தை எழுத இடம் விட்டு மாதிரி வாசகம் எழுதி, தட்டில் பசை காய்ச்சி ஊற்றி, வயலட் மையில் எழுதியதை அதில் ஒற்றி, கட்டுக் கட்டாகப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

சைக்கிளைக் கோணலாக நிறுத்தினவனுக்கு நோட்டீஸ். பெஞ்சில் மை கொட்டினவனுக்கு நோட்டீஸ். எல்லாம் ஸ்கூல் காம்பவுண்டுக்குள்தான் என்று நான் நினைத்திருந்தேன். அதை வாய்விட்டுச் சொன்னேனா? சொல்லவில்லை. ஸ்கூல் வாசலில் என்னை இறக்கிவிட்ட ஜட்காவிலும் ராஜமாணிக்கம் ஒன்றைச் செருகியிருக்கிறான்.

முத்திரையைச் சுற்றி 'நான்காம் பாரம் பி பிரிவு கவுன்சில்' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. யார் படிக்கிறார்கள்? "எனக்கு ஏது சார் எழுத்து? ஸ்டாண்டுல ஒருத்தர்ட்ட கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சீலைப் பாத்ததும் அவரு எழுந்து நின்னுட்டாரு!" என்றார் காதர் பாய்.

மென்று விழுங்கி, நடந்ததைச் சொன்னேன். இது சர்க்கார் இல்லை பாய், என் கிளாஸ் பையன்கள் விளையாட்டு, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சின்னப் புள்ளைங்களா எழுதுச்சு?" என்று காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா, நொண்டுனது நெசந்தானே சார்? ஒரு வாரமா எனக்கே தெரியும். நாளைக்குச் சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும்னு பூட்டிக்கிட்டே இருந்தேன். வீட்டுல அஞ்சு வயிறு. நானா நிறுத்த முடியல. நோட்டீஸ் வந்துச்சு, நிறுத்திட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த ஒரு வாரமும் அந்தக் குதிரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்து போனேன். பேப்பர் திருத்திக்கொண்டு போனேன். கால் எதுவும் என் கண்ணில் படவில்லை.

"சரி, தகடு எங்கே?"

"ஒப்படைக்கணும்னு போட்டிருந்துச்சே? திங்கக்கிழமை காலையிலயே ஆபீஸ்ல கொடுத்துட்டேன் சார். வர்ற திங்கக்கிழமை சோதனை வேற..."

சோதனை என்றால், வருஷத்துக்கு ஒரு தடவை ஜட்காக்களையெல்லாம் மைதானத்தில் நிறுத்தி, குதிரை, வண்டி, தகடு மூன்றையும் பார்ப்பார்கள். தகடு இல்லாத வண்டி வரிசையில் நிற்க முடியாது. வரிசையில் நிற்காத வண்டிக்கு அந்த வருஷம் லைசென்ஸ் கிடையாது. ஐந்து வயிறு, நாலு நாள்!

மறுநாள் மத்தியான இடைவேளையில் ஆபீஸுக்கு ஓடினேன். எந்த ஆபீஸ், காவிரிக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்று கேட்காதீர்கள். அந்தக் குமாஸ்தா நல்ல மனிதர். அவரை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

டிராயரைத் திறந்து தகட்டைக் காட்டினார். "இதோ இருக்கு சார். ஏன் வந்துச்சுன்னுதான் தெரியலை. உத்தரவுன்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போனாரு. உத்தரவு எங்க ஃபைல்ல இல்லை."

"அது உங்க உத்தரவே இல்லை. திருப்பிக் கொடுத்துடுங்களேன்."

"எப்படிக் கொடுக்கறது? வந்ததைப் புஸ்தகத்துல எழுதிட்டேன். வெளியே போகணும்னா, உத்தரவு ரத்துன்னு ஒரு பேப்பர் வேணும்."

"நான் எழுதித் தரேன்."

"உத்தரவு போட்டது நீங்களா?"

"இல்லை... என் பசங்க. அவங்க கவுன்சில்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப அவங்கதான் சார் ரத்து பண்ணணும். போட்டவங்கதான் எடுக்க முடியும். கலெக்டரே வந்தாலும் அதுதானே முறை?"

இருபது வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எனக்கு ஒரு நாளும் சொல்ல வந்ததில்லை.

அன்று கடைசிப் பீரியடில் கவுன்சில் கூடியது. விஷயத்தைச் சொன்னேன். வரதன் எழுந்து, "நோட்டீஸை ரத்து செய்கிறோம், ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்று ஒரே மூச்சில் முடித்தான். எல்லாக் கையும் உயர்ந்தது, ஒன்றைத் தவிர.

ராஜமாணிக்கம் எழுந்து நின்றான். காது இரண்டும் சிவந்திருந்தது.

"சார், குதிரை நொண்டுதா இல்லையா சார்? எங்கப்பா நொண்டற மாட்டை ஏர்ல பூட்ட மாட்டாரு. நான் பொய் எழுதல சார்."

"டேய், அவங்க வீட்டுல அடுப்பெரிய வேண்டாமாடா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

அவன் கண் கலங்கிவிட்டது. "அது எனக்குத் தோணலை சார். நிறுத்தச் சொல்லலாம்னு பாடத்துல இருந்துச்சு. நிறுத்தினவங்க அப்புறம் என்ன பண்ணணும்னு இல்லையே சார்!"

பஞ்சாயத்திலிருந்து லண்டன் வரை அத்தனை படி வரைந்தேனே, எந்தப் படியிலாவது இதை எழுதினேனா?

"சரிடா. நீயே சொல்லு, என்ன பண்ணலாம்?"

"குதிரையை மாட்டாஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன் சார். குணமான பிறகு ரத்து பண்ணுவோம்."

மாட்டாஸ்பத்திரி யார் பொறுப்பு, குதிரையைச் சேர்த்துக்கொள்வார்களா என்று பாதி கிளாஸ் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தது. ஸிவிக்ஸ் புத்தகத்தைப் பையன்கள் தாமாகத் திறந்து அன்றுதான் பார்த்தேன்!

சாயங்காலமே பாய் வீட்டுக்குப் போய், அங்கிருந்து மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ராஜமாணிக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடத்திக் கூட்டி வந்தான். பேகம் அவனிடம் சாதுவாக வந்தது. டாக்டர் குளம்பைத் தூக்கிப் பார்த்து, கோணலாக இறங்கியிருந்த லாடத்து ஆணி ஒன்றைப் பிடுங்கிப் போட்டு, மருந்து வைத்துக் கட்டினார்.

"நாலஞ்சு நாளா பூட்டாம வெச்சிருந்தீங்களே, அதுதான் நல்லதாப் போச்சு. இதோட பாலத்துல ஓட்டியிருந்தா காலே போயிருக்கும். யார் சொன்னாங்க நிறுத்தச் சொல்லி?"

"கவுன்சில்ல சொன்னாங்க" என்றார் காதர் பாய், ரொம்ப மரியாதையாக.

ராஜமாணிக்கம் குனிந்து குதிரையின் காலைத் தடவிக்கொண்டிருந்தான். முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என் மனைவி ஒரு பையில் அரிசியும் ஒரு பையில் கொள்ளும் கட்டிக் கொடுத்தாள். பாய் அரிசியைத் தொடவில்லை. "பேகத்துக்குக் கொடுத்ததை வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்லீங்க" என்று கொள்ளை மட்டும் வாங்கிக்கொண்டார். அரிசிப் பையை அவர் சம்சாரத்தின் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அன்று முதல் பீரியடில், 'டாக்டர் சீட்டின்படி குதிரை குணமடைந்து வருவதால், மேற்படி நோட்டீஸ் திங்கட்கிழமை முதல் ரத்து செய்யப்படுகிறது. குதிரைக்கும் சொந்தக்காரருக்கும் உண்டான கஷ்டத்துக்குக் கவுன்சில் வருந்துகிறது' என்று தீர்மானம் நிறைவேறியது. இந்தத் தடவை எல்லாக் கையும் உயர்ந்தது. 'வருந்துகிறது' என்ற வார்த்தையைச் சேர்த்தவன் ராஜமாணிக்கம். நிஜ நோட்டீஸ் எதிலும் அந்த வார்த்தையை நான் கண்டதில்லை.

ஜும்மா தொழுகை முடிந்து பாய் வந்தார். இரண்டு பேருமாக ஆபீஸுக்குப் போனோம். குமாஸ்தா தீர்மானத்தை இரண்டு தடவை படித்தார். முத்திரையைப் பார்த்தார். ஊசியில் கோத்து ஃபைலில் போட்டார். தகட்டை மேல்துண்டால் துடைத்து நீட்டினார்.

திங்கட்கிழமை சோதனை. எனக்கு அன்று பாடம் நடத்தவே ஓடவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்கூல் வாசலில் சலங்கைச் சத்தம் கேட்டது. பாய் வண்டியை விட்டு இறங்காமலே சிரித்தார். பாஸ்!

செவ்வாய்க் காலை, பழையபடி ஸ்ரீரங்கத்திலிருந்து ஏறினேன். பேப்பர் கட்டை எடுக்கவில்லை. பேகத்தின் காலையே பார்த்துக்கொண்டு போனேன். நாலும் ஒழுங்காகத்தான் விழுந்தது.

பாலத்தின் நடுவில் பாய் திரும்பிப் பார்த்தார். "அந்த இன்ஸ்பெக்டர் தம்பி அடுத்த வருஷமும் இருப்பாருங்களா?"

"தெரியாது பாய். வருஷா வருஷம் தேர்தல். ஓட்டு விழுந்தால் இருப்பான்."

சவுக்கை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"எந்த ஆபீஸ் லிஸ்டுலயும் எம் பேரு கிடையாது சார். சொந்த வீடு வாசல் உள்ளவங்க, வரி கட்டறவங்க பேருதான் போடுவாங்களாம். உங்க கவுன்சில்ல எனக்கு ஓட்டு உண்டா?"

நான்காம் பாரம் 'பி' பிரிவின் வாக்காளர் ஜாபிதாவில் இப்போது முப்பத்தைந்து பேர். முப்பத்தைந்தாவது பெயரை எழுதியவன் ராஜமாணிக்கம் - வயலட் மையில்.