ஜெயந்தினி வாய் திறந்த ஞாயிற்றுக்கிழமை

ஜெயந்தினிக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அவள் சண்டை போட்டதை மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நல்ல பெண், பொறுமைசாலி என்று பேரெடுத்துவிட்டாள். பொறுமையாவது மண்ணாவது! அவள் வாழ்க்கைப்பட்டது பன்னிரண்டு காம்பிரா, அதாவது ஒற்றை அறை வீடுகள், ஒரே வரிசையில் ஒட்டி நிற்கும் பழைய லயம். எல்லாக் காம்பிராவுக்கும் ஒரே தகரக் கூரை, நடுவில் இருக்கும் சுவர்கள் பாதி உயரத்தோடு நின்றுவிடும். பக்கத்துக் காம்பிராவில் மிளகாய் தாளித்தால் இவளுக்குத் தும்மல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் புருஷன் பெண்சாதி எப்படிக் கத்துவது? பல்லைக் கடித்துக்கொண்டு, கெட்ட வார்த்தையைக்கூடக் காதுக்குள் சொல்லித்தான் அவளும் வீரசிங்கமும் திட்டிக்கொள்வார்கள். வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். மலையில் அவள் குரல் அடுத்த மலைக்குக் கேட்கும். வீட்டுக்குள் வந்தால் அந்தக் குரல் செத்துப்போகும்.

அதனால்தான் புது வீடு என்றதும் அவள் உயிரைக் கொடுத்து உழைத்தாள். தோட்டத்தில் ஏழு பேர்ச் நிலம் ஒதுக்கி, புருஷன் பெண்சாதி இரண்டு பேர் பெயரிலும் எழுதி, தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த கையோடு சிமெந்துக் கல்லை மேட்டுக்குச் சுமந்தாள். மகள் கௌசிகா உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அவளுக்கென்று ஒரு அறை. நாலு பக்கமும் சுவர், மேலே வரைக்கும் சுவர். தைப் பொங்கலுக்கு முன் சாவி என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார்.

மார்கழி மாதம், அடை மழை. வீரசிங்கம் ஒருநாள் சோற்றில் கையை வைத்தபடி, "சனி ஞாயிறு பொத்துவிலுக்குப் போய்ட்டு வருவோமா? கடல் பாக்கணும்னு சொன்னியே" என்றான்.

அவள் அதைச் சொன்னது கல்யாணமான புதிதில். சம்பள நாளில் பசறை டவுனுக்குக்கூட அவளோடு சேர்ந்து நடக்காத மனுஷன். இவனுக்கு இப்போது என்ன வந்தது? லயத்துப் பெண்கள் விடுவார்களா? "ஆத்தாடி, பத்தொம்பது வருஷம் கழிச்சு ஹனிமூனா!" என்று தண்ணிப் பைப்படியில் வைத்து அவளை உரித்தெடுத்தார்கள். கௌசிகாவை ஏழாவது காம்பிராவில் இருந்த கொழுந்தன் ரமேஸ் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

மொனராகலையில் பஸ் மாறி, பொத்துவிலில் இறங்கும்போது மத்தியானம். கடைகள் பூட்டிக் கிடந்தன. வள்ளங்களைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கடல் தேத்தண்ணி நிறத்தில் குமுறிக்கொண்டிருந்தது. அறை வைத்திருந்த அலவி நானா கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, "இந்த மாரிக்குள்ள ஆரும் வாறல்லயே. நீங்க ரெண்டு பேருந்தான்" என்று சொல்லிப் போனார். வீரசிங்கம் போன வருஷம் அங்கே கொத்தனார் வேலைக்கு வந்தபோது பழக்கமான ஆள்.

அன்று முழுக்க இருவரும் பேசியது பத்து வார்த்தை இருக்காது. சாப்பிடும்போது மீன் குழம்பில் உப்பில்லை என்று அவள் பழக்கதோஷத்தில் கிசுகிசுத்தாள். "இங்க எவன் கேக்கப் போறான்? வாயத் தொறந்து பேசேன்" என்று சீறினான். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கட்டிலின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் இவள். நடுவில் இன்னும் இரண்டு பேர் படுக்கலாம்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. கடற்கரைக்குக் கூட்டிப்போனவன் சட்டைக்குள்ளிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். "இதுல ஒரு கையெழுத்துப் போடு."

படித்தாள். புது வீடு எங்களுக்கு வேண்டாம், தம்பி ரமேஸின் குடும்பத்துக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறோம் என்று இருந்தது. அவன் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது.

"ரமேஸுக்கு மூணு புள்ள. நமக்கு ஒண்ணுதானே" என்றான்.

"இத ஏன் வீட்டுல வச்சுக் கேக்கல?"

"வீட்டுல கேட்டா நீ கத்துவ. லயமே வேடிக்க பாக்கும். இங்க யாரு இருக்கா? எவ்வளவு வேணும்னாலும் கத்து. கத்தி முடிச்சிட்டு ஒப்பத்தப் போடு."

கடல் பார்க்கக் கூட்டி வந்த லட்சணம் இதுதான். ஜெயந்தினி வாயைத் திறந்தாள். பத்தொன்பது வருஷத்துச் சத்தமும் தொண்டைக்கு வந்து நின்றது. நாலு பக்கமும் பார்த்தாள். ஒரு நாய்கூட இல்லை. இங்கே கத்தினால் இவன் ஒருவன்தான் கேட்பான், ஊருக்குப் போய் அவள் சம்மதித்தாள் என்பான். லயத்துக்குப் பயந்து அடங்கியிருந்தது தான் மட்டுமில்லை, இவனும்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"வீட்டுக்குப் போயிச் சொல்றேன்."

பாதி படிந்துவிட்டாள் என்று நினைத்தானோ என்னவோ, மொனராகலை பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு இரண்டு இறால் வடை வாங்கிக் கொடுத்தான். அவள் தின்றாள். பசி.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரம் நாலு மணி. ஞாயிறென்பதால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். ஜெயந்தினி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. காம்பிரா நடுவில் நின்று மலைக்குரலை எடுத்தாள்.

"ரமேஸ் தம்பி! நம்ம புது வீட்ட ஒங்களுக்கு எழுதிக் குடுக்கணும்னு ஒங்க அண்ணன் கேக்குறாரு! நான் ஒப்பம் போட மாட்டேன்! எல்லாரும் கேட்டுக்கங்க!"

ஒவ்வொரு காம்பிராவாக டிவிச் சத்தம் குறைந்தது. வெட்கத்தில் இவன் வாயடைத்துப் போவான், அத்தோடு கதை முடிந்தது என்பதுதான் அவள் போட்ட கணக்கு.

ரமேஸ் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தான். "அண்ணி, சத்தியமா நான் கேக்கல. அண்ணே, நான் எப்பண்ணே ஒங்ககிட்ட வீடு கேட்டேன்?"

வீரசிங்கம் தம்பியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு அவனும் குரலை உயர்த்தினான்.

"நீ கேக்கலடா. எனக்குத்தான் வேணாம். இங்கன்னா சுத்தி மனுசங்க இருக்காங்க, பேச்சு இருக்கு, எப்பிடியோ காலம் ஓடிருச்சு. அங்க போயி இவளோட தனியா நான் எப்பிடிடா இருப்பேன்? பொத்துவில்ல ஒரு நாள் இருந்து பாத்தேன். மூச்சு முட்டுது!"

செருப்பால் அடித்தாற்போல் இருந்தது அவளுக்கு. சபை கூட்டியது அவள்தான், அடி விழுந்ததும் அவளுக்குத்தான். வாசலில் கௌசிகா வேறு நின்றாள். அழுகை முட்டியது. ஆனால் இவன் முன்னால் அழுவதைவிட ஆற்றில் விழலாம் என்று தோன்றியது. தவிர, அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கட்டிலின் இந்தக் கோடியில் அவளுக்கும்தான் மூச்சு முட்டியது.

கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். "அப்ப நீங்க இங்கயே இருங்க. நானும் புள்ளயும் போறோம்" என்றாள். அதையும் சத்தமாகத்தான் சொன்னாள்.

தை பிறந்து மூன்றாம் நாள் புது வீட்டில் பால் காய்ச்சினாள். வீரசிங்கத்தைத் தவிர லயத்துச் சனம் பூராவும் மேட்டுக்கு ஏறி வந்தது. பால் பொங்கும் நேரம், அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று ரமேஸ் கீழே இறங்கப் போனான். ஜெயந்தினி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேணாம் தம்பி. வரணும்னு இருந்தா அவரே ஏறி வரட்டும்" என்றாள், கீழே லயம் வரைக்கும் கேட்கிற மாதிரி.